எட்டும் ஓடுகிறது

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள் கேட்டாள். "அப்பா, கம்ப்யூட்டருக்குள்ள நெறைய மூளை இருக்குன்னு மிஸ் சொன்னாங்க. எது வேலைக்கு ரெடியா இருக்கு, எது இல்லன்னு அதுக்கே எப்படித் தெரியும்?"

நான் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். "அப்புறம் சொல்றேன்" என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியாதுடி" என்று பெரியவன் சிரித்தான்.

தெரியும். நான் படித்தது ஐ.டி.ஐ. எலக்ட்ரானிக்ஸ்தான். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயம் மட்டும் நன்றாகத் தெரியும். இதைச் சொல்ல ஆரம்பித்தால் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தோன்றியது. அதனால் நோட்டில் எழுதுகிறேன். இரண்டு பேரும் படியுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வண்டிச் சக்கரத்துக்குள் போகும் இரும்பு வளையம். வளையங்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். மேலே ஒரு கேமரா ஒவ்வொன்றையும் படம் பிடிக்கும். கீறல் இருந்தால் பக்கத்தில் இருக்கும் ஒரு குச்சி அதைத் தட்டிச் சிவப்புத் தட்டில் தள்ளிவிடும். நல்லது நேராகக் கடைசி மேஜைக்குப் போகும். இந்தக் கேமராவுக்குப் பின்னால் ஒரு பீரோ மாதிரி பெட்டியில் இருக்கிற கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அந்தக் கம்ப்யூட்டரில் எட்டு பிராசஸர். சின்னவளின் மிஸ் மூளை என்று சொன்னது இதைத்தான். கம்ப்யூட்டர்காரர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள், அதனால் கடைசி ஆள் ஏழாம் நம்பர். எந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய அடியில் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பெயர் கெர்னல். திரையில் அது தெரியாது.

இப்போது நம் ஹாலில் இருக்கும் ஸ்விட்ச் போர்டைப் பாருங்கள். ஒரே வரிசையில் எட்டு ஸ்விட்ச். கீழே அழுத்தியிருந்தால் ஒன்று, மேலே இருந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் தன் ஆட்களை இப்படித்தான் குறித்து வைத்திருக்கிறது. பெயர், வயது, ஊர் எதுவும் கிடையாது. ஒரு ஆளுக்கு ஒரு ஸ்விட்ச். எட்டும் சேர்ந்து ஒரே ஒரு எண். ஆறாம் நம்பர் இருக்கிறானா என்று பார்க்க வேண்டுமானால் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்காது. சட்டைப் பெட்டி அட்டையில் ஆறாம் நம்பர் இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை போட்டு, போர்டின் மேல் வைத்துப் பார்க்கிற மாதிரி. ஓட்டைக்குள் ஒன்று தெரிந்தால் இருக்கிறான். பூஜ்யம் தெரிந்தால் இல்லை. கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. இந்த அட்டையைத்தான் பிட்மாஸ்க் என்பார்கள்.

ஆனால் ஒரே ஒரு போர்டு போதாது. கெர்னலிடம் நாலு போர்டு இருக்கிறது. முதல் போர்டு, இந்த மெஷினில் எத்தனை பேருக்கு இடம் உண்டு என்பது. மெஷினைப் போடும்போதே எழுதியாகிவிடும், பிறகு மாறாது. இரண்டாவது, யார் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவது, உட்கார்ந்திருப்பவர்களில் யார் வேலைக்குத் தயார். நாலாவது, புது வேலையை யார் தலையில் கட்டலாம். வந்திருப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு. இதைக் கம்ப்யூட்டரைப் படைத்தவர்கள் எவ்வளவு சரியாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்று நான் முதலில் ஆச்சரியப்பட்டேன். இப்போது ஆச்சரியப்படுவதில்லை.

இனி அந்த அம்மா.

கடைசி மேஜையில் அவர் உட்கார்ந்திருப்பார். குமணன்சாவடியிலிருந்து வருவார், பர்தாவைக் கழற்றி மடித்து டிபன் பையில் வைத்துவிட்டுக் கம்பெனி கோட் போட்டுக்கொள்வார். கான்ட்ராக்ட் ஆள். கணவர் தையல் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்ப் படுத்துவிட்டார். வீட்டில் சம்பளம் என்று வருவது இவருடையது மட்டும்தான். கேமரா நல்லது என்று விட்ட வளையங்களில் பத்துக்கு ஒன்று எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே திருப்பிப் பார்ப்பார். பெட்டியில் அடுக்குவார். பெட்டி மேல் தன் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டுவார். அதோடு பெட்டி அவர் பொறுப்பு. கேமராவுக்கு ஸ்டிக்கர் கிடையாது. எனக்கும் கிடையாது.

என்னை அண்ணா என்பார். வாய் அதிகம். நான் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாலே, "அண்ணா, உள்ள ஆபரேஷனா? உசுரு கீதா?" என்பார்.

சித்திரை வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியின் ஃபேன் ஒன்று நின்றுவிட்டது. ஆறும் ஏழும் கொதிக்க ஆரம்பித்தன, திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. மெஷின் கொடுத்த கம்பெனியின் இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"ஃபேன் வர்ற வரைக்கும் அந்த ரெண்டையும் இறக்கி வைங்க. அதோட ஃபைல்ல பூஜ்யம் எழுதினா போதும். ஃபேன் மாத்தினதும் ஒண்ணு எழுதுங்க, ஏறிடும்" என்றார். பேப்பரில் குறித்துக்கொண்டேன். மூன்றாவதாகவும் ஒன்று சொன்னார். "அப்புறம் கேமரா புரோகிராமை ஒரு தடவை நிறுத்தித் திரும்ப ஓட்டிடுங்க." அதுவும் காதில் விழுந்தது. அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். புரோகிராமை நிறுத்தினால் லைன், அதாவது பெல்ட் வரிசை முழுக்க, நிற்கும். நாங்கள் வேலை பார்க்கும் கூடத்தை ஷாப் என்போம், அங்கே லைனை நிறுத்த ஒரு மஞ்சள் ஃபாரம் உண்டு. யார் நிறுத்தினார், ஏன், எத்தனை நிமிஷம் என்று எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மாசக் கடைசியில் மஞ்சள் ஃபாரம் எல்லாம் மீட்டிங்கில் மேஜை மேல் வரும். அதனால் யாரும் லைனை நிறுத்துவதில்லை. பெல்ட் ஓடும்போதே எண்ணெய் விடுகிறவர்கள் நாங்கள். நிறுத்தாமல் முடிக்கிறவன்தான் கெட்டிக்காரன் என்று பதினாறு வருஷமாகப் பழகிவிட்டது.

பூஜ்யம் எழுதினேன். நான் எழுதியவுடன் கெர்னல் என்ன செய்யும் தெரியுமா? முதலில் நாலாவது போர்டில் ஸ்விட்சை அணைக்கும், இனி புது வேலை வராது. பிறகு அவன் கையில் இருக்கும் வேலையையெல்லாம் மற்றவர்கள் பக்கம் தள்ளும். கடைசியில் மூன்றாவது போர்டை அணைக்கும். இரண்டாவது போர்டில் மட்டும் ஒன்று அப்படியே இருக்கும். ஆள் அங்கேயேதானே உட்கார்ந்திருக்கிறான்.

இதில்தான் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பிராசஸருக்கு போர்டு இருப்பது போல ஒவ்வொரு வேலைக்கும் சொந்தமாக ஒரு அட்டை உண்டு. அந்த வேலை யார் யாரிடம் போகலாம் என்று அந்த அட்டையில் ஓட்டை போட்டிருக்கும். கேமரா புரோகிராமின் அட்டையில் ஆறுக்கும் ஏழுக்கும் மட்டும்தான் ஓட்டை. வேறு யார் தொந்தரவும் இல்லாமல் ஓட வேண்டும் என்று அந்த இரண்டையும் அதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். நான் ஆறையும் ஏழையும் அணைத்ததும் அந்த அட்டையை எப்படி வைத்துப் பார்த்தாலும் ஒன்று தெரியவில்லை. வேலையை நடுத்தெருவில் விட கெர்னலுக்கு மனசு வராது. அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இருக்கிறவர்களோடு எங்கேயாவது போய் ஓடிக்கொள் என்று கூட்டத்தில் தள்ளிவிட்டது. ரிப்போர்ட் அனுப்புகிற வேலை, பழைய படங்களைச் சேமிக்கிற வேலை எல்லாவற்றோடும் சேர்ந்து கேமரா புரோகிராமும் முட்டி மோதி ஓட ஆரம்பித்தது.

சனிக்கிழமை ஃபேன் வந்தது. மாட்டினேன், ஒன்று எழுதினேன். ஆறும் ஏழும் ஏறிவிட்டன. மூன்றாவது போர்டைத் திரையில் பார்த்தேன், பூஜ்யத்திலிருந்து ஏழு வரை எல்லாம் ஒன்று. ஷிஃப்ட் சீட்டில் எழுதினேன்: எட்டும் ஓடுகிறது. கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் மெஷினில் இருந்த அந்தப் பழைய கெர்னலில், பிராசஸர் திரும்பி வந்தாலும் தூக்கிப் போட்ட அட்டை திரும்பி வராது. வேலை தானாகத் தன் பழைய இடத்துக்குப் போகாது. யாராவது கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட வேண்டும். அதுதான் நான் எழுதிக்கொள்ளாத மூன்றாவது வரி.

செவ்வாய்க்கிழமை நான் டீ குடிக்கப் போகும்போது அந்த அம்மா கூப்பிட்டார்.

"அண்ணா, உங்க கேமரா தூங்கிகினு கீதா? செவப்பு தட்டுல காலைலேர்ந்து நாலே நாலுதான் விழுந்துகீது. எப்பவும் நெறைஞ்சிருக்கும்."

"நல்ல மாலா வருதுன்னு சந்தோஷப்படும்மா" என்றேன்.

"நல்ல மாலா? நம்ம கம்பெனிலயா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இல்லண்ணா, மெய்யாலுமே ஒருவாட்டி பாருங்க. என் கைல ரெண்டு கீறல் மாட்டுச்சு. பத்துக்கு ஒண்ணுதான் நான் பாக்குறேன். மிச்சம் ஒன்பதுல இன்னா போச்சோ, யாருக்குத் தெரியும்?" என்றார்.

நான் பெட்டிக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். எட்டும் ஒன்று. திரும்பி வந்து, "எட்டும் ஓடுது. நான் பாத்துட்டேன்" என்றேன். அவர் என் பேச்சை நம்பினார்.

கேமரா புரோகிராம் தூங்கவில்லை. தாமதமாகப் பதில் சொன்னது. அது கீறல் என்று கண்டுபிடிப்பதற்குள் வளையம் குச்சியைத் தாண்டிப் போய்விடும். பதில் வராத வளையத்தை நல்லது என்று விட்டுவிடும்படி யாரோ எப்போதோ வைத்திருந்தார்கள், லைன் நிற்கக் கூடாது என்பதற்காக.

அடுத்த வாரம், வளையங்களை வாங்கின கம்பெனி சரக்கைத் திருப்பி அனுப்பியது. பெட்டிகளை ஷாப் நடுவில் அடுக்கினார்கள். எல்லாப் பெட்டியிலும் அவர் நம்பர். சூப்பர்வைசர் ஒரு வளையத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது இன்னா? கண்ணு எங்க வச்சினு வேலை பாத்த?"

"சார், செவப்பு தட்டுல விழல சார். நான் அப்பவே அண்ணா கைல சொன்னேன். கேளுங்க" என்று என்னைப் பார்த்தார்.

சூப்பர்வைசரும் திரும்பினார். "கம்ப்யூட்டர் இன்னாப்பா சொல்லுது?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது பல. ஃபேன் போனது, இரண்டை இறக்கியது, இன்ஜினியர் சொன்ன மூன்றாவது விஷயத்தை விட்டது. அப்போது எனக்கு முழுக்காரணம் தெரியாது, அது உண்மை. ஆனால் ஏதோ ஒரு தப்பு என் பக்கம் இருக்கிறது என்று தெரிந்திருந்தது, அதுவும் உண்மை. பெரியவனுக்குப் பத்தாம் வகுப்பு. எதிரில் அடுக்கியிருந்த பெட்டிகள் என் உயரத்துக்கு இருந்தன.

"எட்டும் ஆன்ல இருக்கு சார்" என்றேன்.

பொய் இல்லை. மூன்றாவது போர்டைக் கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்லும்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைத்தார். பர்தாவைப் போட்டுக்கொண்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் அவருடைய கேட் கார்டை அணைத்துவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து இன்ஜினியர் நேரில் வந்தார். பெட்டியைத் திறந்து ஏதோ இரண்டு வரி அடித்தார். ஆறும் ஏழும் சும்மா உட்கார்ந்திருந்தன, மற்ற ஆறு பிராசஸர்களும் மூச்சு முட்டிக்கொண்டிருந்தன.

"நீங்க யார் யார் ரெடின்னு பாத்திருக்கீங்க சார். வேலை எங்க ஓடுதுன்னு பாக்கலையே. நான்தான் போன்ல சொன்னேனே, புரோகிராமை ஒரு தடவை நிறுத்தி ஓட்டுங்கன்னு."

"லைன் ஓடிட்டிருந்துது சார்."

அவரே புரோகிராமை நிறுத்தி ஓட்டினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. குச்சி டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் சிவப்புத் தட்டு நிரம்பிவிட்டது. கடைசி மேஜையில் அப்போது வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கே சூப்பர்வைசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வெள்ளைப் பேப்பரில் எழுதியும் கொடுத்தேன். அவர் படித்தார். கதவைச் சாத்தினார்.

"உனக்கு இன்னா பைத்தியமா? ஆளு தப்பு, ஆளை மாத்திட்டோம்னு பார்ட்டிக்கு மெயில் போயாச்சு. இப்போ இல்லீங்க, எங்க கம்ப்யூட்டர் தப்புன்னு எழுதச் சொல்றியா? ஆர்டரே போவும். அப்பால நீயும் நானும் கேட்டாண்ட நிக்க வேண்டியதுதான்."

"அந்தம்மாவை மட்டும் திரும்ப எடுத்துக்குங்க சார். அது ஒண்ணு போதும்."

கொஞ்ச நேரம் பேனாவைத் திருகினார். பேப்பரை டிராயரில் போட்டார். "கான்ட்ராக்டர் கைல சொல்றேன். கார்டை ஆன் பண்ணிடுவான். இதோட வுட்டுடு."

மறுநாள் கார்டு ஆன் ஆகிவிட்டது. நானே போன் போட்டு வரச் சொன்னேன். எனக்கு அன்று எவ்வளவு லேசாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. வரும்போது ஆவடியில் இறங்கி உங்களுக்கு பாதுஷா வாங்கி வந்தேனே, அந்த நாள்தான். அது எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் வந்தார். கேட்டில் கார்டைக் காட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே வந்தால் மேஜையில் ஆள் இருக்கிறது. கான்ட்ராக்டர் ஆள் ஒருத்தர் காலையில் கேட் பக்கம் நிற்பார், யாரை எந்த லைனுக்கு அனுப்புவது என்று பிரிப்பது அவர்தான். "குந்தும்மா, பாக்கலாம்" என்று கேட் ஓரத்து சிமென்ட் பெஞ்சைக் காட்டினார். பத்து மணிக்கு, "இன்னிக்கு ஆள் ஃபுல்லு" என்று அனுப்பிவிட்டார். எந்த லைனிலும் நிற்காத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

இரண்டாம் நாளும் வந்தார். மூன்றாம் நாளும். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலாம் நாள் கான்ட்ராக்டர் ஆளிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"அண்ணாத்தே, கார்டை ஆன் பண்ணச் சொன்னாங்க, பண்ணிட்டேன். மேஜை குடுன்னு எவனாச்சும் சொன்னானா?" என்றார்.

சூப்பர்வைசரிடம் போனேன். "கார்டு ஆன்ல கீதா இல்லையா? அப்புறம் இன்னா?" என்றார்.

ஐந்தாம் நாள் பெஞ்ச் காலியாக இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவிடம் பூந்தமல்லியில் வேலை என்று சொல்லிவிட்டுக் குமணன்சாவடிக்குப் போனேன். போன் செய்ததும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேன், ஒன்று, பூஜ்யம், எழுதிக்கொள்ளாத மூன்றாவது வரி. அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார்.

"அப்ப அன்னிக்கு நான் சொன்னது நெசந்தான்" என்றார்.

"நெசந்தாம்மா."

"எட்டும் ஓடுதுன்னீங்களே அண்ணா."

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"ஊட்டுக்காரரு கேட்டுகினே இருந்தாரு. கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்க வேண்டியதுதானேன்னு. நானும் கண்ணுதான் போச்சு போலன்னு நெனச்சு டாக்டராண்ட போனேன். கண்ணு நல்லா கீதாம்." சிரிக்கப் பார்த்தார். "குத்தம்பாக்கம் பக்கம் ஒரு குடோன்ல ஆள் எடுக்குறாங்கன்னு போனேன். முன்னாடி ஏன் நிறுத்தினாங்கன்னு கேக்குறாங்க. இன்னா சொல்றது? நீங்க வந்து சொல்வீங்களா?"

"சொல்றேம்மா" என்றேன். உடனே சொன்னேன்.

"சரிண்ணா" என்றார். நம்பவில்லை என்று தெரிந்தது. திருமழிசை பஸ் வந்தது, ஜனம் இறங்கியது, கூட்டத்தில் அவர் போய்விட்டார்.

மறு வாரம் அந்த குடோனுக்குப் போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஆள் எடுத்து முடிந்துவிட்டது என்றான். அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பிறகு மணியும் அடிக்கவில்லை.

என் பேப்பர் அந்த டிராயரில்தான் இருக்கிறது. அதே மாதிரி இன்னொரு படி எழுதி வைத்திருக்கிறேன், பெரிய ஆபீசுக்கு அனுப்ப. கவரில் முகவரிகூட எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. பெரியவன் பரீட்சை முடியட்டும் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். பரீட்சை முடிந்துவிட்டது. இப்போது அனுப்பினாலும் அந்த அம்மா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இது சாக்கா, உண்மையா என்று நீங்கள் வளர்ந்த பிறகு சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் பேப்பரில் மூன்றாவது வரியைச் சிவப்பு மையில் எழுதிவிட்டேன். இப்போதெல்லாம் மஞ்சள் ஃபாரம் எழுதி லைனை நிறுத்துகிறேன். மீட்டிங்கில் திட்டு வாங்குகிறேன். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பி வரவில்லை.

சின்னவள் கேட்டதற்குப் பதில் இதுதான். எது ரெடி என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும், மிக நன்றாகத் தெரியும். ஒரு ஸ்விட்சைப் பார்த்தால் போதும்.

காலையில் நான் கேட்டில் கார்டு காட்டும்போது செக்யூரிட்டி மேஜை மேல் இருக்கும் திரையில் கான்ட்ராக்ட் ஆட்களின் நம்பர் வரிசையாக ஓடும். வேலையை விட்டவர்கள் சிவப்பு. அந்த அம்மாவின் நம்பரை அணைக்க யாருக்கும் ஞாபகம் இல்லை. இன்று காலையும் பார்த்தேன். பச்சையாகத்தான் இருக்கிறது.